காற்றில்லாத நாளில் ஏறிவந்த கடல்

1987ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மாலைதீவின் தலைநகராகிய மாலேயினுள் கடல் புகுந்தது. அருகிலுள்ள ஹுல்ஹுலே தீவின் விமான நிலையமும் தப்பவில்லை. ஆனால் அத்தீவுகளைப் புயல் எதுவும் தாக்கியிருக்கவில்லை. புயல் வீசியது ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்களுக்கு அப்பால், அவுஸ்திரேலியாவுக்கு மேற்கே, தென் இந்து சமுத்திரத்தில்.

காற்று ஓய்ந்த பின்னரும் அலை ஓய்வதில்லை. பெருங்காற்று பரந்த கடற்பரப்பில் நின்று வீசும்போது பிறக்கும் நீண்ட அலைகள், பதினைந்து இருபது செக்கன் இடைவெளியில் ஒன்றையொன்று தொடர்ந்து, தம் சக்தியை அதிகம் இழக்காமல் மணிக்கு 40 முதல் 55 கிலோமீற்றர் வேகத்தில் நாட்கணக்காகப் பயணஞ் செய்கின்றன. ஆழ்கடலில் அவை மெல்லிய ஏற்றமும் இறக்கமுமே. பவளப்பாறைத் திட்டை அடைந்ததும் உயர்ந்து உடைகின்றன. உடைந்த நீர் பின்வாங்குமுன் அடுத்தது வந்து சேர, கரையோர நீர்மட்டமே உயர்ந்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கும் அவ்வேளை கூடினால், பெரும்பாலும் இரண்டு மீற்றருக்கும் குறைந்த உயரமுடைய தீவு என்ன செய்யும்? கேரள மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்பர். தமிழ்க் காதுக்கு விளக்கம் வேண்டாத பெயர்!

மாலேயின் இன்னலில் மனிதர் கையும் இருந்ததென்றே நாம் கருதுகிறோம். இடநெருக்கடியால், அலையின் வேகத்தைத் தணித்துவந்த ஆழமற்ற பாறைத்தளத்தை நிரப்பி நிலமாக்கியிருந்தனர். அந்த நிலத்தையே அலைகள் முதலில் அரித்துச் சென்றன. பின்னர் யப்பானிய உதவியுடன், நான்கு முனைக் கொங்கிறீற் கட்டிகளால் அலைதடுப்பு எழுந்தது. தலைநகருக்கு அது காவல். மக்கள் வாழும் ஏனைய தீவுகளோ இருநூறுக்குச் சற்றே குறைவு. அங்கு மணலடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் மழைநீரே கிணற்று நீர். கடல் ஒருமுறை மேவினால் கிணறு மாதக்கணக்கில் உவர்க்கும். 2007 மே மாதத்தில் தென்புறத் தீவுகள் மீண்டும் இவ்வெள்ளத்தைக் கண்டன.

1987 ஒக்ரோபரில் அன்றைய ஜனாதிபதி மௌமூன் அப்துல் கயூம் ஐ.நா. பொதுச்சபையில் தம் நாட்டின் நிலையை எடுத்துரைத்தார். 1989 நவம்பரில் சிறிய நாடுகளின் மாநாடு மாலேயிலேயே கூடியது. நிலம் போனால் மக்கள் எங்கே போவது என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

இவ்வினா நமக்கும் அந்நியமன்று. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம். இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியற் கருத்து எனும் ஐந்து காரணங்களுள் கடல் இல்லை. பசிபிக்கின் கிரிபாட்டியைச் சேர்ந்த ஒருவர், கடல்மட்ட உயர்வைக் காரணங் காட்டி நியூசிலாந்தில் புகலிடங் கோரி, உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்று, 2015இல் திருப்பியனுப்பப்பட்டார். அவரது முறைப்பாட்டை ஆராய்ந்த ஐ.நா. மனித உரிமைகள் குழு, 2020 ஜனவரியில் வெளியான தீர்மானத்தில் நியூசிலாந்தின் செயலைத் தவறெனக் கொள்ளவில்லை. ஆயினும் உயிருக்கே ஆபத்து நேருமளவு நிலைமை முற்றிய நாட்டுக்கு எவரையும் திருப்பியனுப்பலாகாது என்ற கருத்தை அதிற் பதிவுசெய்திருக்கிறது.