எல்லோருக்கும் ஒரே பந்தி

நீங்கள் பட்டணத்தில் குடியிருப்பவரானால், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். எதிர் வீட்டு அம்மாள் வெள்ளைப் புடவை உடுத்தி, கையில் வேதபுத்தகத்துடன், குழந்தைகளை அழைத்துக்கொண்டு கிழக்கே போகிறாள். அடுத்த வீட்டு அம்மாளும் அதே மாதிரி புத்தகமும் கையுமாக மேற்கே போகிறாள். இருவரும் கிறிஸ்தவர்கள், தினமும் தண்ணீர்க் குழாயடியில் சிரித்துப் பேசிக்கொள்கிறவர்கள். பின், கோயிலுக்குப் போகும்போது மட்டும் ஏன் ஆளுக்கு ஒரு திசை?

உங்கள் பெண் இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? "நம்மிடம் வடகலை, தென்கலை இல்லையா? அதைப் போலத்தான்" என்று சொல்லி அடுப்பங்கரைக்குத் திரும்பிவிடுவீர்கள். பதில் ஓரளவு சரிதான். ஆனால் நம் தென்னாட்டுக் கிறிஸ்தவர்களில் பல சபையார் ஒரு காலத்தில், "இந்த ஆளுக்கு ஒரு திசை போதும், இனி ஒரே வாசல் வழியாகப் போவோம்" என்று தீர்மானம் செய்து, அதற்காக இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து பேசி, சாதித்தும் காட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

கப்பலில் வந்த வேற்றுமை

முதலில், இத்தனை சபைகள் எப்படி வந்தன? நம் ஊர் ஜனங்கள் சண்டை போட்டுப் பிரிந்ததால் வந்தவை அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எப்போதோ நடந்த வாக்குவாதங்கள் கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கின.

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் லுத்தரன். ஆகையால் அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் லுத்தரன் ஆனார்கள். திருநெல்வேலிப் பக்கம் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஆங்கிலிகன் சபையார் வேலை செய்தார்கள். நாகர்கோவிலுக்கு லண்டன் மிஷன் வந்தது. மதுரைக்கு 1834-ல் அமெரிக்க மிஷன் வந்தது. மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்டுகள். வேலூர், ஆற்காட்டுப் பக்கம் வேறொரு அமெரிக்க மிஷன். ஒருவர் வேலை செய்யும் ஜில்லாவில் இன்னொருவர் நுழைவதில்லை என்று பிற்காலத்தில் தங்களுக்குள் எல்லையும் வகுத்துக்கொண்டார்கள்.

ஆக, ஒரு குடும்பம் எந்தச் சபை என்பதை அதன் மனசாட்சி தீர்மானிக்கவில்லை. எந்த மிஷன் எந்த ஜில்லாவில் காலூன்றியதோ, அதுதான் தீர்மானித்தது! ஊரோடு ஊராக இருந்தவரையில் இதனால் பெரிய சங்கடம் இல்லை. ரயில் வந்தது, உத்தியோகம் வந்தது, ஜில்லா விட்டு ஜில்லா சம்பந்தம் வந்தது. அப்போதுதான் சிக்கலும் வந்தது.

எழுந்து போகாத பெண்

1920-களில் நாகர்கோவிலில் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்த வீடு லண்டன் மிஷன். புகுந்த வீடு ஆங்கிலிகன். குழந்தையிலிருந்து ஜெபமும் பாட்டுமாய் வளர்ந்தவள். கல்யாணமாகி முதல் ஞாயிறு மாமியாருடன் கோயிலுக்குப் போகிறாள். ஆராதனை முடியும் தறுவாயில் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொள்ள எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போகிறார்கள். புதுப் பெண் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஏன்? பிஷப் தலைமேல் கை வைத்துத் 'திடப்படுத்தல்' என்ற சடங்கைச் செய்திருந்தால்தான் ஆங்கிலிகன் சட்டப்படி திருவிருந்துக்கு வரலாம். அவளுடைய தாய்ச் சபையிலோ பிஷப்பே கிடையாது. அவள் தகப்பனார் போதகராகவே இருந்தாலும், அவருக்குப் பட்டம் கொடுத்தவர் பிஷப் அல்லாதபடியால் இந்தக் கோயில் பீடத்தில் அவர் நிற்க முடியாது.

ஒரே சாமி, ஒரே வேதம். ஆனால் பந்தியில் இலை இல்லை! பந்தியிலிருந்து விலக்கப்படுவது எப்படி வலிக்கும் என்பதைத் தமிழ்ப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை அல்லவா?

பெண்கள் முந்திக்கொண்டார்கள்

ஒரு விஷயத்தை இங்கே பெருமையோடு குறிப்பிட வேண்டும். ஆண்கள் ஒற்றுமை பற்றித் தரங்கம்பாடியில் கூடிப் பேசுவதற்கு முன்பே, பெண்களுக்கான காரியங்களில் ஒற்றுமை நடைமுறைக்கு வந்துவிட்டது.

சென்னையில் 1915-ல் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கியபோது, அதை நடத்த இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா தேசங்களைச் சேர்ந்த பன்னிரண்டு மிஷன் சங்கங்கள் கை கோத்தன. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அவர் ஒரு மிஷனைச் சேர்ந்தவர்தாம். ஆனால் பள்ளிக்கூடமோ பல மிஷன்களின் கூட்டு முயற்சி. இன்றைய வேலூர் வைத்தியக் கல்லூரி அந்த வித்திலிருந்து முளைத்ததுதான். பிரசவ வேதனையில் துடிக்கிறவளிடம், "நீ எந்தச் சபை?" என்று யார் கேட்பார்கள்?

தரங்கம்பாடியில் இரண்டு நாள்

1919-ம் வருஷம் மே மாதம் முதல் இரண்டு தேதிகளில், சீகன்பால்கு வந்திறங்கிய அதே தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று போதகர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர மற்ற எல்லோரும் இந்தியர்கள். ஆங்கிலிகன் சபையாரும், 1908-லேயே சில சபைகள் இணைந்து உண்டாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் அங்கே முக்கியமானவர்கள். இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, நம்மேல் சுமத்தப்பட்டவை, நமக்கு இவை வேண்டாம் என்ற கருத்தை அவர்கள் ஒருமுகமாக வெளியிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தின் உயிர்நாடியாக இருந்தவர் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிகன் சபையில் பிஷப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தாம். 1912-ல் பட்டம் பெற்று, நிஜாம் சமஸ்தானத்தில் தோர்ணக்கல் என்ற ஊரில் இருந்துகொண்டு, தெலுங்குக் கிராமங்களில் ஏழைகளிலும் ஏழைகளுக்கு நடுவே உழைத்தார். சீதனம் வாங்காமல் கல்யாணம் செய்துகொண்டவர். அவர் மனைவி அன்பு மரியம்மாள், அந்தக் காலத்திலேயே கல்லூரியில் படித்தவர்; தோர்ணக்கல் பகுதியில் தாய்மார் சங்கத்தை நடத்தியவர்.

அசரியாவுக்கு ஒற்றுமை என்பது மேடைப் பேச்சு அல்ல. ஒரு கிராமத்தாரிடம் போய், "கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று" என்று சொல்லிவிட்டு, அடுத்த கிராமத்துக் கிறிஸ்தவனோடு அப்பம் பகிர்ந்துகொள்ளாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? இந்தக் கேள்விதான் அவரை விரட்டிக்கொண்டே இருந்தது.

முடிச்சு எங்கே?

நல்ல எண்ணம் இருந்தது. பின் ஏன் இருபத்தெட்டு வருஷம் பிடித்தது?

முடிச்சு போதகர் பட்டத்தில் இருந்தது. "அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமாறி வரும் பிஷப் பரம்பரை வேண்டும். அது இல்லாமல் கொடுத்த பட்டம் முழுமையாகாது" என்று ஆங்கிலிகன் சபையில் பலர் நினைத்தார்கள். "அப்படியானால் எங்கள் போதகர்கள் மறுபடியும் பட்டம் பெற வேண்டுமா? இதுவரை அவர்கள் கொடுத்த ஞானஸ்நானமும் திருவிருந்தும் வெறும் நாடகமா?" என்று மற்றவர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கத்திலும் ரோஷமும் இருந்தது.

கடைசியில் கண்ட வழி இது. இனிமேல் பட்டம் பெறுகிறவர்கள் எல்லோரும் பிஷப்பின் கையால் பெறுவார்கள். ஆனால் ஏற்கெனவே போதகராக இருக்கும் எவரும் மறுபடி பட்டம் பெற வேண்டாம். அவர் பட்டம் பட்டந்தான். எந்தச் சபையின்மேலும் அது மனசாட்சிப்படி ஒப்பாத ஒரு போதகரைத் திணிப்பதும் இல்லை. பழைய சபைகளின் போதகர்களைத் தொடர்ந்து எப்படி ஏற்பது என்பதை முப்பது வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் சேர்ந்து வாழ்ந்து பழகிவிடுவோம்.

இதை நம் வீட்டுப் பாஷையில் சொல்லட்டுமா? மருமகள் வருகிறாள். "உன் பிறந்த வீட்டுச் சமையல் எல்லாம் தப்பு என்று முதலில் ஒப்புக்கொள், அப்புறம் அடுப்பைத் தொடு" என்று சொல்லும் மாமியார் ஒரு ரகம். "நீ கற்றதையும் கொண்டு வா, நாங்கள் கற்றதும் இருக்கட்டும், நாளாவட்டத்தில் இந்த வீட்டுக்கென்று ஒரு ருசி தானே வரும்" என்று சொல்லும் மாமியார் இன்னொரு ரகம். தென்னிந்தியச் சபைகள் இரண்டாவது மாமியாரின் வழியைத் தேர்ந்தெடுத்தன. அவரவர் நேற்றையப் பக்தியைப் பொய் என்று யாரையும் சொல்ல வைக்கவில்லை. இந்த முயற்சியின் ஜீவன் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை

அசரியா 1945-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி காலமானார். ஆங்கிலிகன் சபையின் பொதுக் கவுன்சில் இணைப்புத் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தது அதே ஜனவரி மாதத்தில்! கரை தெரியும் சமயத்தில் படகோட்டி கண்ணை மூடிவிட்டார்.

1947, செப்டம்பர் 27. சுதந்திரம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வடக்கே தேசம் இரண்டாகி ரத்தம் சிந்திக்கொண்டிருந்த நேரம். இங்கே சென்னை செயின்ட் ஜார்ஜ் கத்தீட்ரலில் ஆங்கிலிகன், தென்னிந்திய ஐக்கிய சபை, மெதடிஸ்ட் ஆகிய மூன்று சபைகள் ஒன்றாகித் 'தென்னிந்தியத் திருச்சபை' என்று பெயர் பெற்றன. பிஷப் சி. கே. ஜேக்கப் தலைமை தாங்கினார். பிஷப்பையே அறியாத சபைகளிலிருந்து வந்தவர்கள் அன்று பிஷப் ஆனார்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பிரெஸ்பிடீரியன் போதகரான லெஸ்லி நியூபிகின் முப்பத்தேழாம் வயதில் மதுரை-ராமநாதபுரத்துக்கு பிஷப் ஆனது அப்படித்தான்.

பிஷப் உள்ள சபைகளும் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றாகக் கலந்தது உலகத்துக்கே புதிது. எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. நந்தியாலில் பல ஆயிரம் ஆங்கிலிகன் மக்கள் சேர மறுத்து, 1970-களில்தான் வந்து சேர்ந்தார்கள். 1948-ல் லண்டனில் கூடிய ஆங்கிலிகன் பிஷப்புகளின் மாநாடு, புதிய சபையோடு முழு உறவு கொள்ளத் தயங்கியது. பந்தியை விரித்தவர்களுக்கே அடுத்த வீட்டுப் பந்தியில் இடம் சந்தேகம் என்றாயிற்று! அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

உள்ளங்கையோடு உள்ளங்கை

புதிய சபை தனக்கென்று ஒரு திருவிருந்து முறையை எழுதி, 1950-ல் முதன்முதலாகக் கைக்கொண்டது. அதில் ஓர் அழகான வழக்கம். பீடத்தண்டை இருக்கும் குருவானவர் சமாதானத்தைக் கை வழியாகக் கொடுக்கிறார். ஒருவர் வலது உள்ளங்கையை இன்னொருவர் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இருவரும் இடது கையால் மூடிக்கொள்கிறார்கள். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்கிறார். இப்படியே கோயில் முழுவதும் சமாதானம் கைமாறிப் போகிறது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து. அவர்கள் இந்த இணைப்பில் சேர்ந்தவர்களே அல்ல! தங்களோடு சேராதவர்களிடமும் நல்லது இருக்கக் கண்டு கௌரவமாக வாங்கிக்கொண்டார்கள்.

இன்னும் பாக்கி

காரியம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. லுத்தரன் சபையார் இன்றும் தனிச் சபையாகவே இருக்கிறார்கள். கத்தோலிக்கர் வழி வேறு. ஆனால் கதவுகள் திறந்திருக்கின்றன. லுத்தரன்களும் தென்னிந்தியத் திருச்சபையாரும் 1969 முதல் மதுரையில் ஒரே இறையியல் கல்லூரியில் போதகர்களைப் பயிற்றுவிக்கிறார்கள்.

தமிழிலேயே நடந்த ஓர் அதிசயத்தையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கர் வெகுகாலம் 'சர்வேசுரன்', 'சேசு' என்று எழுதினார்கள். மற்றவர்கள் 'பராபரன்' என்றும், பிற்பாடு 'தேவன்' என்றும், 'இயேசு' என்றும் எழுதினார்கள். ஒரே சாமியைக் கூப்பிடுவதற்கே ஒரே பெயர் இல்லை! இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்து 1995-ல் வெளியிட்ட திருவிவிலியத்தில் 'கடவுள்' என்ற சொல்லே பொதுச் சொல்லாக நிற்கிறது. வீட்டில் எல்லோரும் பேசும் சொல்.

பெண்களுக்கும் வழி திறந்தது. 1976-ல் எலிசபெத் பால் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் குருவானவராகப் பட்டம் பெற்றார். 2013-ல் புஷ்பலலிதா முதல் பெண் பிஷப் ஆனார்.

ஒளிக்காமல் சொல்லவேண்டிய குறையும் உண்டு. மிஷன் வேற்றுமை மறைந்த இடத்தில் சாதி வேற்றுமை மறையவில்லை. சபைத் தேர்தல்கள் கோர்ட்டுப் படி ஏறுவதையும் பத்திரிகைகளில் பார்க்கிறோம். கப்பலில் வந்த சுவரை இடித்துவிட்டார்கள். உள்ளூர்ச் செங்கலில் கட்டிய சுவர் பாக்கி நிற்கிறது. அதை இடிக்க ஒரு தரங்கம்பாடி போதாது. ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஒன்று நடக்க வேண்டும்.

நாம் கற்பனை செய்துகொண்ட நாகர்கோவில் பெண்ணை மறந்துவிடவில்லையே? 1947-க்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையில் ஒன்றிரண்டு நரை ஓடிய அந்த அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்திருப்பாள். மாமியாரோடு பீடத்தண்டை போய் முழங்காற்படியிடுவாள். பிறந்த வீட்டை மறுதலிக்கச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை; அதனால் புகுந்த வீடும் அவளுக்குச் சொந்த வீடாயிற்று.

அடுத்த ஞாயிறு எதிர் வீட்டு அம்மாள் கிழக்கேயும் பக்கத்து வீட்டு அம்மாள் மேற்கேயும் போகும்போது உங்கள் பெண் மறுபடி அதே கேள்வியைக் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் ஒரு மருமகள் வருவாள் அல்லவா? அப்போது உங்களுக்கே இது ஞாபகம் வந்தால் நல்லதுதான்.