ஊசி முனையில் வெப்பம்

கல்லீரலில் தோன்றும் சிறு புற்றுக்கட்டியை அறுத்தெடுக்காமலேயே அழிக்க இயலும். மெல்லிய ஊசியொன்றைத் தோல்வழியே கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலை அதிர்வெண் கொண்ட மின்னோட்டத்தால் சூடேற்றுவர். வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைக் கடந்ததும் உயிரணுக்களின் புரதம், வெந்த முட்டையின் வெண்கருபோல் கெட்டிப்படும். உயிரணுக்கள் உடனே மடியும். அவ்வெப்பம் எதுவரை பரவியது என்பதே வினா. குறைந்தால் கட்டி மீண்டும் வளரும். மிகுந்தால் அருகிலுள்ள பித்தநாளமோ குடலோ வெந்துபோகும். வயிற்றைத் திறவாமையால் மருத்துவர் படங்களையே நம்ப வேண்டியுள்ளது.

ஊசியை உரிய இடத்தில் நிறுத்த மீயொலிப் படம் பெரிதும் உதவும். எனினும், சூடேறியதும் திசுநீர் ஆவியாகி நுண்குமிழிகள் எழ, திரையில் வெண்மேகம் படரும். அம்மேகத்தின் எல்லையை அழிவின் எல்லையாகக் கொள்வது பிழையாகும்.

வெப்பத்தையே அளக்கவல்லது எம்.ஆர்.ஐ. கருவி. காந்தப்புலத்தில் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒத்ததிரும் அதிர்வெண், வெப்பநிலை ஒரு டிகிரி உயருந்தோறும் ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒரு பங்கு குறைகிறது. இத்துணைச் சிறு மாற்றத்தையும் கணினி உணர்ந்து, வெப்பப் பரவலை வண்ணப் படமாக வரைந்துவிடுகிறது! கொழுப்புத் திசுவில் மட்டும் இம்முறை பயன்படாது. காந்தத்தால் ஈர்க்கப்படாத ஊசியும் இதற்குத் தேவை, செலவும் மிகுதி.

ஆதலின், பல மருத்துவமனைகளில் சிகிச்சை முடிந்தபின் எடுக்கும் சி.டி. படமே தீர்ப்பளிக்கிறது. அயோடின் கலந்த மருந்தைச் சிரைவழி ஏற்றினால் குருதி பாயும் திசு ஒளிரும். மடிந்த பகுதி கருமையாகத் தோன்றும். அக்கருமை, கட்டியின் எல்லையை எல்லாப் புறமும் குறைந்தது 5 மில்லிமீட்டராவது கடந்திருத்தல் வேண்டும். விளிம்பில் ஓரிடத்தில் ஒளி திரண்டு தென்படின், அங்கே கட்டியின் எச்சம் உயிருடன் இருக்கக்கூடும். ஊசி மீண்டும் உள்ளே செல்ல நேரிடும்.