மழைக்கால ஓய்வும் நெடுந்தொலைவு ஓட்டமும்

ஐப்பசி பிறந்ததும் நம் நகரியத்தின் விடியற்காலைச் சாலைகளில் ஓடுவோர் குறைந்துவிடுகின்றனர். வடகிழக்குப் பருவமழையில் சாலை வழுக்கும். மரக்கிளைகள் முறிந்து விழும். இரவுப் பணி முடித்து வருபவருக்கோ உறக்கமே பெரிது. ஒதுங்குவதில் பிழையில்லை. ஆண்டு முழுவதும் நெடுந்தொலைவு ஓடியும் மிதிவண்டி மிதித்தும் களைத்த உடலுக்குச் சில வாரத் தளர்வு தேவையும்கூட. ஆனால் சனவரியில் சென்னை மாரத்தான், பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் என நாள் நெருங்கியதும், இரண்டு மாதம் ஓடாத கால்கள் ஒரே வாரத்தில் பழைய தொலைவைத் தொட முயல்கின்றன. குதிகால் தசைநாண் வலியும் முழங்கால் வலியும் அப்போதுதான் தொடங்குகின்றன.

ஓய்வில் உடல் எதை இழக்கிறது? 1984இல் அமெரிக்காவில் எட்வர்ட் காயில் குழுவினர், நன்கு பயிற்சி பெற்ற 7 பேர் 84 நாள்கள் பயிற்சியை விட்டபோது நிகழ்ந்ததை அளந்தனர். உடல் உச்ச அளவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் முதல் 21 நாள்களிலேயே 7 விழுக்காடு சரிந்தது. 56 நாள்களில் 16 விழுக்காடு சரிந்து, பின் அங்கேயே நின்றது. தொடக்கச் சரிவுக்குக் காரணம் தசையன்று. குருதியின் நீர்ப்பகுதி குறைவதால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதி குறைகிறது.

இழப்பைத் தடுக்க நாள்தோறும் ஓட வேண்டியதில்லை. இராபர்ட் ஹிக்சன் 1980களில் நடத்திய ஆய்வுகளில், வாரம் 6 நாள் பயிற்சி செய்தவர்கள் 2 நாளாகக் குறைத்தும் 15 வாரம் வரை அத்திறனைத் தக்கவைத்தனர். பயிற்சி நேரத்தைக் குறைத்தபோதும் அவ்வாறே. கடுமையைக் குறைத்தபோதுதான் திறன் நழுவியது. ஆகவே மழை விட்ட இரு காலைகள் போதும். ஆனால் அவற்றில் சில நிமிடங்களேனும் மூச்சு வாங்க ஓட வேண்டும். மழை விடாத வாரத்தில் மாடிப்படி இருக்கிறது. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமும், குதிகாலை உயர்த்தி இறக்குவதும் தொடைக்கும் கெண்டைக்கால் தசைக்கும் நல்ல வலுவூட்டும். இவற்றை ஓட்டக்காரர்கள் ஏனோ இளக்காரமாகவே பார்க்கின்றனர்!

மூச்சு வாங்கும் பயிற்சி எல்லார்க்கும் உரியதன்று. இதய நோயாளிகளும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே அதில் இறங்கலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோர் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணிக்கையை நம்பிப் பயிற்சியின் கடுமையை முடிவு செய்யலாகாது. காய்ச்சல் இருக்கையில் எவரும் ஓடலாகாது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தாக்கும்.

நீரிழிவு உள்ளோர்க்கு ஒன்று. ஓட்டத்தை நிறுத்திய சில நாள்களிலேயே இன்சுலின் வேலை செய்யும் திறன் குறையத் தொடங்கி, சர்க்கரை ஏறக்கூடும். அதற்கென மருந்தின் அளவைக் கூட்டியிருந்தால், மீண்டும் ஓடத் தொடங்கும் முன் எங்களிடம் தெரிவியுங்கள். அதே அளவு மருந்தோடு ஓடினால் சர்க்கரை திடீரெனத் தாழலாம்; ஓடிய நாளின் இரவிலும் இது நேரலாம். நடுக்கமோ குளிர்ந்த வியர்வையோ கண்டால் உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுக்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ளோரும் அறிந்திருக்கட்டும். நினைவு தப்பியவருக்கு வாய்வழி எதையும் புகட்டாது உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.