ஜுரம் விட்டது, வியாதி விட்டதா?

“காய்ச்சல் விட்டுப் போச்சுங்க, வாத்தியாரய்யா. இனிமே மாத்திரை எதுக்கு?”

காஞ்சிபுரம் ஜில்லா, தாமல் கிராமத்தில் நம் மாணவன் ஒருவனுடைய தகப்பனார் நம்மிடம் இவ்விதம் கேட்டார். சென்னைக்குக் கட்டட வேலைக்குச் சென்றிருந்தவர் குளிர்ஜுரத்துடன் ஊர் திரும்பினார். ரத்தத்தைச் சோதித்ததில் ‘வைவாக்ஸ்’ என்னும் மலேரியா என்று தெரிந்தது. சில நாட்களில் ஜுரம் தணிந்தது. 14 நாளைக்கென்று கொடுத்த மாத்திரைகளில் பெரும்பகுதி மாடத்தில் அப்படியே இருந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதன் விடை அவர் ஒருவரை மட்டுமன்றி ஊரையே பொறுத்ததாகும்.

மலேரியாக் கிருமி கொசுக்கடியால் உடலில் புகுந்ததும் முதலில் ஈரலில் தங்கிப் பெருகுகிறது. பிறகே ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைக்கிறது. நடுக்கமும் ஜுரமும் அப்பொழுதுதான் உண்டாகின்றன. வைவாக்ஸ் ஜுரத்துக்கு மூன்று நாள் கொடுக்கும் குளோரோகுவின், ரத்தத்திலுள்ள கிருமிகளை ஒழிக்கிறது. ஈரலில் உறங்கும் கிருமிகளையோ அது தொடுவதில்லை. அவை மாதக்கணக்கில் உறங்கி, பின்பு விழித்துக்கொள்ளும். அவற்றை ஒழிப்பதற்கே பிரைமாகுவின் 14 நாள் தரப்படுகிறது.

இதில் ஊருக்கு என்ன சம்பந்தம்? ரத்தத்தில் இறங்கும் கிருமிகளுள் சில ஆண், பெண் என இருவகை உருவங்களாக மாறுகின்றன. நோயாளியைக் கடிக்கும் அனாபிலிஸ் பெண்கொசு இவற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. கொசுவின் வயிற்றில் அவை கூடிப் பெருகி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அடுத்தவருக்கு நோயைத் தரத் தயாராகின்றன. கொசுவின் வயிற்றில் இக்கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20-இல் கண்டது நம் தேசத்துச் செகந்தராபாத்திலேதான். வைவாக்ஸில் இவ்வுருவங்கள் ஜுரம் தெரியுமுன்பே ரத்தத்தில் தோன்றிவிடக்கூடும். ஆகவே, உறங்கிய கிருமி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும், வீட்டார் அறியுமுன் கொசு அறிந்துவிடுகிறது!

‘பால்சிபாரம்’ என்னும் கொடிய வகையில் கதை சற்று வேறு. ஆர்டிமிசினின் வகை மருந்துகள் ஜுரக் கிருமிகளை விரைவில் ஒழிக்கின்றன. ஆனால் முதிர்ந்த ஆண், பெண் உருவங்கள் அதற்கும் தப்பிச் சில வாரங்கள் உலவக்கூடும். நோயாளி சுகமாக வேலைக்குப் போவார். அவர் ரத்தமோ கொசுவுக்கு நோய் கொடுத்துக்கொண்டிருக்கும். அதற்காகவே இவ்வகைக்குப் பிரைமாகுவின் ஒரே ஒரு வேளை சேர்க்கப்படுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுவின் ஆகாது. ஜி-6-பி-டி என்னும் பொருள் ரத்தத்தில் குறைந்தவர்களுக்கு அது சிவப்பணுக்களை அழித்துவிடும். சிறுநீர் கறுத்தால் உடனே மருந்தை நிறுத்தி வைத்தியரிடம் ஓட வேண்டும். அண்டை வீட்டார் மீத்த மாத்திரையை வாங்கி விழுங்குவது ஒருபோதும் கூடாது.

அரைகுறை முயற்சியின் பலனை இலங்கை நன்கு அறியும். 1963-இல் அங்கே 17 பேருக்கே மலேரியா இருந்தது. வெற்றி கிட்டியதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லக்ஷக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தனர். பிற்பாடு ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டு, சிகிச்சை முடியும்வரை விடாது கவனித்தார்கள். 2012-க்குப் பின் சில ஆண்டுகள் உள்ளூரில் தொற்றிய நோய் இல்லை. 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனம் நற்சான்று வழங்கியது. நம் தேசமோ 2030-ஐக் குறியாகக் கொண்டிருக்கிறது.

ஒரு தேசம் செய்த தவறும், மாடத்தில் மாத்திரையை விட்டுவைத்த தவறும் ஒன்றேயன்றோ? இதைச் சொன்னதும் அந்தத் தகப்பனார் சற்று நேரம் மௌனமாயிருந்தார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குச் சென்று, இனி என்ன செய்வதென்று கேட்டு வந்தார். இப்பொழுது அவர் வீட்டு நாட்காட்டியில், மாத்திரை விழுங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவருடைய பையன் ஒரு கோடு போடுகிறான். ஜுரம் விட்டதை உடம்பு சொல்லும். வியாதி விட்டதை அந்தக் கடைசிக் கோடுதான் சொல்லும்.