போர் வானூர்தி ஒப்புருவாக்கிகளில் தானியங்கி டிரிம்மும் கைமுறை டிரிம்மும்

டிரிம் என்பது, விமானி கட்டுப்பாட்டுத் தண்டை அழுத்திப் பிடிக்காத நிலையிலும் வானூர்தி தன் பறப்பு நிலையை மாற்றாதிருக்கும்படி கட்டுப்பாட்டுப் பரப்புகளைச் சமன்செய்து வைக்கும் ஏற்பாடாகும். சிமுலேட்டர் எனப் பரவலாக அறியப்படும் போர் வானூர்தி ஒப்புருவாக்கி விளையாட்டுகளில், இப்பணியை விளையாடுபவரே செய்வது கைமுறை டிரிம் எனவும், மென்பொருள் அவருக்காகச் செய்வது தானியங்கி டிரிம் எனவும் அழைக்கப்படுகின்றன. முன்னதே உண்மையானது, பின்னது புதியவர்களுக்கான சலுகை மட்டுமே என்னும் கருத்து விளையாடுவோரிடையே உண்டு. இது பாதி உண்மையே. ஓட்டப்படும் வானூர்தி எது, அது எந்தச் சூழலில் உள்ளது என்பவற்றைப் பொறுத்து விடை மாறுபடும்.

டிரிம்மின் தேவை

பெரும்பாலான வானூர்திகளில் ஈர்ப்பு மையம், இறக்கையின் தூக்குவிசை மையத்துக்குச் சற்று முன்னால் அமைந்திருக்கும். இதனால் மூக்கு கீழ்நோக்கிச் சாய முற்படும். வால்பகுதி கீழ்நோக்கிய விசையொன்றைத் தந்து இதனை ஈடுசெய்கின்றது. வாலின் இவ்விசை காற்றின் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரு வேகத்தில் சமநிலையில் இருக்கும் வானூர்தி, வேகம் கூடினால் மூக்கை உயர்த்தும். வேகம் குறைந்தால் தாழ்த்தும். ஒற்றை எந்திரம் கொண்ட சுழல்விசிறி வானூர்திகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. விசிறி தள்ளும் சுழல்காற்று செங்குத்து வாலின் ஒரு பக்கத்தில் மோதுவதால், எந்திர வலு மாறும்போதெல்லாம் மூக்கு பக்கவாட்டில் திரும்பும்.

இவற்றைக் கையாலும் காலாலும் ஓயாமல் எதிர்த்துக்கொண்டிருந்தால் விமானி விரைவில் களைத்துவிடுவார். எனவே, உயர்த்தியின் பின்விளிம்பில் சிறு தகடு ஒன்று பொருத்தப்படுகின்றது. இது உயர்த்தி திரும்பவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் சாய்க்கப்படும். இத்தகட்டின்மீது படும் காற்றே உயர்த்தியை வேண்டிய கோணத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். சில வானூர்திகளில் தகட்டுக்குப் பதிலாகக் கிடைநிலைப்படுத்தி முழுவதுமே சாய்க்கப்படுகின்றது. ஜெர்மனியின் மெசர்ஸ்மிட் பிஎஃப் 109 வானூர்தியில் விமானியின் இடப்புறம் உள்ள சக்கரத்தைச் சுழற்றி இது செய்யப்பட்டது. ஃபோக்கவுல்ஃப் 190 வானூர்தியில் இதற்கு மின்னோடி இருந்தது.

எல்லா வானூர்திகளிலும் எல்லா அச்சுகளுக்கும் டிரிம் இருக்கவில்லை என்பது ஈண்டு முக்கியமானது. அமெரிக்காவின் பி-51 மஸ்டாங்கில் உயர்த்தி, சுக்கான், இறக்கை ஓரத் தகடுகளான ஏலரான்கள் ஆகிய மூன்றையும் விமானி இருக்கையிலிருந்தே சமன்செய்யலாம். பிரித்தானியாவின் ஸ்பிட்ஃபயரில் உயர்த்தியையும் சுக்கானையும் மட்டுமே அவ்வாறு செய்ய முடியும். பிஎஃப் 109இன் சுக்கானில் இருந்த தகட்டைத் தரைப்பணியாளர்கள் நிலத்தில் வைத்து வளைத்து அமைத்தனர். அது ஒரு வேகத்துக்கே பொருந்தியது. ஏறும்போதும் பாயும்போதும் விமானி மிதியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இவ்வானூர்திக்கு மூன்று அச்சுகளிலும் தானியங்கி டிரிம் வழங்கும் விளையாட்டு, அதன் உண்மையான குறையொன்றை மறைத்து எதிரிக்கு இல்லாத நன்மையைத் தந்துவிடுகின்றது.

வீட்டு ஜாய்ஸ்டிக்கின் இயல்பு

உண்மையான வானூர்தியில் டிரிம் செய்தபின் தண்டு புதியதோர் இடத்தில் தானாகவே நிற்கும். கையில் விசை உணரப்படாது. வீட்டில் பயன்படும் ஜாய்ஸ்டிக்கின் சுருள்வில் அதனை எப்போதும் நடுவிடத்துக்கே இழுக்கின்றது. ஆதலால் ஒப்புருவாக்கியில் டிரிம் செய்யும்போது தண்டு நகர்வதில்லை. தண்டின் நடுவிடம் எந்த உயர்த்திக் கோணத்தைக் குறிக்கின்றது என்பதே மாறுகின்றது. விசைப் பின்னூட்டம் கொண்ட ஜாய்ஸ்டிக்குகளில் மட்டுமே தண்டு உண்மையில் இடம்பெயரும். கைமுறை டிரிம்மும் முழு உண்மையன்று என்பதற்கு இதுவே முதற் காரணம்.

தானியங்கி டிரிம்

2000ஆம் ஆண்டில் வெளியான ஏசஸ் ஹை என்னும் இணையப் போர் விளையாட்டில் உள்ள காம்பாட் டிரிம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இது வானூர்தியின் வேகத்தை அறிந்து, அவ்வேகத்தில் நேர்மட்டமாகப் பறப்பதற்கு ஏற்றவாறு டிரிம்மை நகர்த்திக்கொண்டே இருக்கும். விளையாடுபவர் கைமுறையாக டிரிம்மை மாற்றினால் இது விலகிக்கொள்ளும். வார் தண்டர் விளையாட்டின் சுட்டியால் குறிவைக்கும் முறை இதிலும் ஒருபடி மேலே சென்று, கட்டுப்பாட்டுப் பரப்புகள் அனைத்தையும் மென்பொருளிடமே ஒப்படைக்கின்றது; அதனை டிரிம் என்று சொல்வதே பொருந்தாது.

காம்பாட் டிரிம்மின் பயன் வெளிப்படை. உண்மை விமானியின் இடக்கை பார்க்காமலே சக்கரத்தைத் தொட்டுவிடும். விளையாடுபவரோ விசைப்பலகையில் விசைகளைத் தேடவேண்டும். அந்நேரத்தில் எதிரி பார்வையிலிருந்து மறைந்துவிடக்கூடும்.

இதன் குறைகள் சண்டை தீவிரமாகும்போதே தலைகாட்டுகின்றன. செங்குத்தாக மேலேறும் வானூர்தியின் வேகம் மிக விரைவில் சரிகின்றது. டிரிம் அதனைப் படிப்படியாகவே பின்தொடர்வதால், உச்சியில் வானூர்தி இன்னும் பழைய வேகத்துக்கான அமைப்பிலேயே இருக்கும். பாய்ச்சலில் நிலைமை இதைவிட இடர் மிக்கது. வேகம் கூடக்கூட, நேர்மட்டப் பறப்பைக் கருதி, மென்பொருள் மூக்கைத் தாழ்த்தும் பக்கமாகவே டிரிம்மை நகர்த்துகின்றது. விளையாடுபவர் தண்டை முழுவதும் பின்னிழுத்தாலும் மூக்கு உயர மறுக்கும். அப்போது தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, மூக்கை உயர்த்தும் பக்கமாகக் கையால் டிரிம் செய்வதே தப்பும் வழி.

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஒலியின் வேகத்தை நெருங்கும் பாய்ச்சலில் காற்று இறுக்கமுறுவதால் உயர்த்தி பயனற்றுப்போவதை லாக்கீடு பி-38 வானூர்தியின் சோதனை விமானிகள் நேரில் கண்டனர். விமானியின் கைவிசைக்குத் துணையாக உயர்த்தியில் சுருள்வில் துணைத்தகடுகள் பொருத்தி ஆய்வு நடந்தது. இவை டிரிம் தகட்டுக்கு உறவானவை. 1941 நவம்பர் 4 அன்று இவ்வாறு பொருத்திய வானூர்தியைப் பாய்ச்சலிலிருந்து மீட்கும்போது வால்பகுதி முறிந்ததில் சோதனை விமானி ரால்ஃப் விர்டன் உயிரிழந்தார். பின்னர் இறக்கையின் கீழே பாய்ச்சல் மடிப்புகளைப் பொருத்தியே இதற்குத் தீர்வு காணப்பட்டது. இவை போர்முனை வானூர்திகளில் 1944ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றன.

டிரிம்மால் பாய்ச்சலிலிருந்து மீளும்போது அளவு மீறுவதும் ஆபத்தே. உயரத்தில் பயன் தராத டிரிம், தாழ்ந்த உயரத்தின் அடர்ந்த காற்றில் திடீரென முழு வலுவுடன் செயற்படும். விமானி நினைவிழப்பார், அல்லது இறக்கை முறியும். நல்ல ஒப்புருவாக்கிகள் இரண்டையும் காட்டுகின்றன.

கைமுறை டிரிம்

முதலில் தண்டால் மூக்கை வேண்டிய நிலையில் நிறுத்திவிட்டு, பின்னர் கையின் விசை தளரும்வரை டிரிம் செய்வதே முறை. டிரிம்மைக் கொண்டே வானூர்தியைத் திருப்ப முயல்வது புதியவர்களிடம் காணப்படும் பழக்கம்; அது வானூர்தியை மேலும் கீழுமாக அலையச் செய்யும். சுக்கான் டிரிம் சுடும் திறனையும் பாதிக்கின்றது. சறுக்கல் காட்டியின் பந்து நடுவில் இல்லையெனில் வானூர்தி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருக்கும். குறி சரியாக இருந்தும் குண்டுகள் விலகிச் செல்லும். மஸ்டாங்கில் மேலெழும் முன் சுக்கான் டிரிம்மை ஏறத்தாழ 6 பாகை வலப்புறம் வைப்பதும் சுழல்காற்றின் பொருட்டே.

கைமுறை முறையிலும் முறைகேடு நிகழ்ந்துள்ளது. 2001இல் வெளிவந்த ஐஎல்-2 ஷ்டுர்மோவிக் விளையாட்டில் சிலர் உயர்த்தி டிரிம்மை ஒரு நழுவுகோலுக்கு ஒதுக்கி, நொடியில் முழு எல்லைக்கும் நகர்த்தித் தண்டின் எல்லைக்கு மேலும் கூர்மையாகத் திரும்பினர். சக்கரத்தைப் பலமுறை சுழற்றவேண்டிய உண்மை விமானிக்கு இது இயலாத காரியம். டிரிம் தாமதமாக நகரும்படி பின்னர் திருத்தப்பட்டது. கிடைநிலைப்படுத்தி முழுவதும் சாயும் வானூர்திகளில் டிரிம் கூடுதல் திருப்புதிறன் தருவது உண்மையே. ஆனால் அது நேரம் எடுக்கும்.

பிற்கால வானூர்திகள்

மின்குறிகைகளால் பறக்கும் எஃப்-16 வானூர்தியில், தண்டைத் தொடாதபோது ஒரு மடங்கு ஈர்ப்பு நிலையைப் பறப்புக் கணினியே பேணுகின்றது. இங்கே தானியங்கி டிரிம்மே உண்மை, ஃபால்கன் 4.0 போன்ற விளையாட்டுகளில் உயர்த்தியை இடைவிடாது டிரிம் செய்ய முற்படுவதுதான் செயற்கையானது. எஃப்/ஏ-18 வானூர்தி இரண்டுக்கும் இடைப்பட்டது. இயல்பான பறப்பில் கணினி சமன்செய்கின்றது. மடிப்புகளை இறக்கித் தரையிறங்கும்போது, 8.1 பாகைத் தாக்குகோணத்துக்கு விமானியே டிரிம் செய்தாக வேண்டும். டிசிஎஸ் ஒப்புருவாக்கியில் வானூர்தி தாங்கிக் கப்பலில் இறங்கப் பழகுவோர் பலர் தடுமாறும் இடம் இதுவே.

உலங்கு வானூர்திகளில் ஜாய்ஸ்டிக்கின் இயல்பு மீண்டும் குறுக்கிடுகின்றது. டிசிஎஸ்ஸின் கா-50இல் டிரிம் பொத்தானை அழுத்தி விட்டவுடன் தண்டு நடுவிடத்துக்குத் திரும்பும். அவ்வசைவும் கட்டளையாகக் கொள்ளப்பட்டால் வானூர்தி துள்ளும். எனவே தண்டு நடுவிடத்தை அடையும்வரை அதன் அசைவுகளைக் கருத்திற் கொள்ளாத தெரிவொன்று அமைப்புகளில் தரப்பட்டுள்ளது. விசைப் பின்னூட்டக் கருவி உடையோருக்கு இத்தெரிவு தேவையில்லை.