ஓடத்தின் மேலும் கீழும்

அபிராமபுரத்திற்கு அணித்தான அடையாற்றில் படகோட்டும் மதராஸ் போட் கிளப் 1867-ஆம் ஆண்டில் தோன்றியது. படகைத் தூய்மை செய்வது அழகின் பொருட்டு மட்டுமன்று என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நீர்மட்டத்திற்கு மேலுள்ள பகுதிக்கு வெயிலும் உப்பும் பகை. நன்னீரால் கழுவித் துடைத்து வண்ணம் பூசி அதனைக் காக்கலாம். கீழ்ப்பகுதிக்கோ பாசியும், ஒட்டி வளரும் ஓட்டுயிர்களும், கப்பற்புழுவும் பகை. முன்னவை ஓட்டத்தைத் தடுக்கும்; புழுவோ மரத்தை உள்ளிருந்தே துளைத்தழிக்கும்.

ஆதலின் ஆங்கிலேயர் 1761-இல் ஒரு போர்க்கப்பலின் அடியைச் செப்புத்தகட்டால் போர்த்தனர். பிற்காலத்தார் வெள்ளீயக் கூட்டுப்பொருள் கலந்த வண்ணம் பூசினர். அது சிப்பியினங்களையும் கெடுத்தமையால், 2008-இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை அதனை விலக்கிற்று.

நம் நெய்தல்நில மக்களோ கட்டுமரத்தைக் கரையேற்றிக் கட்டவிழ்த்து மணலில் உலர்த்தினர். உலர்ந்த மரத்திற் புழு வாழாது, நீருக்கும் நஞ்சில்லை. இவ்வெளிய முறையை நாம் இகழலாமோ?