தோலும் கண்ணும்: மருந்து புகும் வாயில்கள்

உண்ணும் மருந்து குடல்வழிச் சென்று, குருதியிற் கலந்து, உடலெங்கும் பரவுகிறது. தோலிலோ கண்ணிலோ நோய் தோன்றின், அவ்விடத்திலேயே மருந்தை இடுவது எளிதென நாம் எண்ணுகிறோம். ஆயின், இவ்விரண்டும் அயற்பொருள் உட்புகாது தடுக்கும் அரண்களாக இறைவனால் அமைக்கப்பட்டவை. அவ்வரணைக் கடந்து, வேண்டிய அளவு மருந்தை வேண்டிய இடத்திற் சேர்ப்பதே மருந்தியலார் மேற்கொண்டுள்ள அரும்பணியாகும்.

தோலின் மேலடுக்கில் உயிரற்ற அணுக்கள் செங்கற்களென அடுக்கப்பட்டிருக்க, அவற்றிடையே கொழுப்பு சாந்தென நிரம்பியுள்ளது. கொழுப்பிற் கரையும் சிறு மூலக்கூறுகளே இதனைக் கடக்க வல்லவை. இந்நுட்பத்தை உணர்ந்ததன் பயனாக, பயணக் குமட்டலைத் தடுக்கும் ஸ்கோபலமைன் பட்டை 1979இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. காதின் பின்புறம் ஒட்டப்படும் அது, மூன்று நாள்கள் சிறிது சிறிதாக மருந்தைச் செலுத்தும். நெஞ்சுவலிக்கும் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் உரிய பட்டைகள் பின்னர் வந்தன.

கண்ணின் நிலை இன்னும் கடினமானது. சொட்டு மருந்தின் ஒரு துளி 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். கண்ணோ ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டரே தாங்கும். மிகுதி கன்னத்தில் வழிகிறது. கண்ணீர்க்குழாய் வழியே மூக்கிற்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. விழியின் உட்புறத்தை அடைவது நூற்றில் ஐந்து பங்கிற்கும் குறைவு. எனவேதான், இமைக்குள் வைத்தால் ஒரு வாரம் மருந்து கசியும் பைலோகார்பைன் வில்லை 1974இல் உருவாக்கப்பட்டது. கண்ணிற் பட்டதும் கூழாக மாறித் தங்கும் சொட்டு மருந்துகளும் பின்னர்த் தோன்றின.

நாம் செய்யத்தக்கது எளியது. ஒரு துளி இட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துதல் வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்குவது இதனால் குறையும். இரண்டாவது மருந்தை இட ஐந்து நிமிடமேனும் பொறுத்தல் நலம்.

இங்கே நம் பெரியோர்க்கு ஒன்று கூற விழைகிறோம். நோன்பு முறிந்துவிடுமோ என அஞ்சி, கண்ணழுத்த நோய்க்கான சொட்டு மருந்தை ரமலானில் நிறுத்திவிடுவோர் உளர். அந்நோயால் இழந்த பார்வை மீள்வதில்லை. 1997இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை கண்சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்றும், தோல்வழி உறிஞ்சப்படும் களிம்பும் மருந்துப் பட்டையும் முறிக்கமாட்டா என்றும் தீர்மானித்தது. ஐயமுடையோர் ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெளிவு பெறலாம். தாமாக மருந்தை நிறுத்துதல் கூடாது.

நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து மருந்து தருவோரையும் மருத்துவத்தின் ஒரு கூறாக வைத்தெண்ணினார் வள்ளுவர். பாட்டனார்க்கும் பாட்டியார்க்கும் நடுக்கமின்றி ஒரு துளி மருந்திடும் மாணவச் செல்வங்களின் கைகளும் அக்கூறில் அடங்கும் என்பதை நாம் மறத்தலாகாது.